இரண்டாவது சூடு

மாம்பலத்தில் இறங்குவதா, பார்க் வரை போய் வண்டி மாறிப் பெரம்பூருக்குப் போவதா என்பதைத் தாம்பரத்தில் டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டதாகத்தான் மங்கையர்க்கரசி நினைத்திருந்தாள், பெரம்பூர்தான், சந்தேகமே இல்லை, டிக்கெட்டும் பெரம்பூருக்குத்தான், ஆனால் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, மின்சார ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியதும் அந்த முடிவு கையிலிருந்து வழுக்க ஆரம்பித்தது, ஏனென்றால் பெரம்பூர் டிக்கெட்டோடு மாம்பலத்தில் இறங்கினால் யாரும் பிடிக்கப் போவதில்லை, டிக்கெட் ஒரு வாதமே இல்லை. கணிதம் முதுகலை இரண்டாம் ஆண்டு, பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஜெயித்துவிட்டு வருகிறவள், ஹாஸ்டலில் அவள் பெயரே வக்கீலம்மா, அப்பேர்ப்பட்டவளுக்குப் பொம்மை ரயில் ஓட்டுகிற இரண்டு சங்கங்களில் எதில் சேருவது என்று ஒரு வாரமாகத் தீர்ப்பு எழுத முடியவில்லை. பொம்மை என்று சொன்னால் இரண்டு இடத்திலும் அடிக்க வருவார்கள். மாதிரி ரயில். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. 'ஏன்டி, ஊர்ல பொண்ணுங்க ஞாயித்துக்கிழமை ஆனா சினிமாவுக்குப் போகுதுங்க, நீ அங்கிள்ங்ககூட சேந்து சுக்குபுக்கு ஓட்டப் போற' என்று அறைத்தோழி ஷெர்லின் சொல்லுவாள், சொல்லிவிட்டு அவளே, சங்கக் கூட்டத்தில் இவள் பிடித்து வைத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாள். மாம்பலம் சங்கம் பல் டாக்டர் சிதம்பரநாதன் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகை, ஏ.சி. போட்டது, நான்கு சுவரையும் ஒட்டி இடுப்புயரத்துக்குப் பலகை அடித்து அதன்மேல் மலையும் சுரங்கமும் வளைவுப் பாலமும் ஸ்டேஷனும், பல்லுக்கு அச்செடுக்கிற சாந்தில் வார்த்த பாறைகள், பல் ராவுகிற ஊசியால் செதுக்கிய கைப்பிடிக் கம்பிகள், ஒரு முழு எக்ஸ்பிரஸையே கோத்து விடலாம், தலை சுரங்கத்துக்குள் போன பிறகும் வால் பாலத்தில் வந்துகொண்டிருக்கும். பெரம்பூர் சங்கம் அப்படி இல்லை, மாதா கோயிலுக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசைகளை ஒட்டிப் போட்டுத் தண்டவாளம் விரித்து, மத்தியானம் பந்திக்கு ஆள் வந்ததும் சுருட்டிக்கொண்டு கிளம்புகிற கூட்டம், நாலு பெட்டிக்கு மேல் கோத்தால் வண்டி தன் வாலையே முகர்ந்து பார்க்கும். ஆனால் அங்கே யாரும் தவழ வேண்டியதில்லை. மாம்பலத்தில் தவழ வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள் நிற்கும் இடம் நடுவில் இருக்கிறது, சுற்றிலும் பலகை, வழி கிடையாது, யாராக இருந்தாலும் பலகைக்கு அடியில் முட்டி போட்டுத் தவழ்ந்து அந்தப் பக்கம் போய்த்தான் எழுந்திருக்க வேண்டும், 'கருவறை மாதிரிம்மா, குனியாதவனுக்குத் தரிசனம் இல்ல' என்று டாக்டர் முதல் நாளே சொல்லிச் சிரித்தார், அவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பை இப்போது பிடித்து இழுத்துவந்து செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. புதிதாக வருகிறவர்களைச் சங்கத்தில் சேர்க்கிறவரைக்கும் அவர்களுக்கு அடியில்தான் வேலை, மல்லாந்து படுத்துத் தண்டவாளத்துக்குக் கரண்ட் போகிற வயர்களைப் பற்றவைப்பது, அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் பாதாளப் பயிற்சி. மேலே மலை, கீழே மல்லாந்த பெண். இதையெல்லாம் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டாமா வக்கீலம்மா?

போன ஞாயிற்றுக்கிழமைக்குள் நினைப்பில் போகக் கூடாது, குரோம்பேட்டை வருகிறவரைக்குமாவது போகக் கூடாது என்று வைத்திருந்தாள், சானடோரியம் தாண்டுவதற்குள் போய்விட்டாள். மல்லாந்து படுத்திருக்கிறாள். வலது கையில் சால்டரிங் அயர்ன், பழுத்த சூட்டில், இடது கையில் ஈயக் கம்பி, மூக்கில் பிசின் புகை, தலைமாட்டில் ஏழெட்டு ஆண்களின் வெறுங்கால்கள். ராத்திரி ஓட்டம் விடலாமா என்கிறது டாக்டரின் குரல். ராத்திரி ஓட்டம் என்றால் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு, எல்லா விளக்கையும் அணைத்து, ஸ்டேஷன் விளக்குகள் மட்டும் மிணுக் மிணுக்கென்று எரிய வண்டி விடுவது, பெரிய மனிதர்கள் குழந்தைகளாகிவிடுகிற நேரம். 'சார், நான் அடியில இருக்கேன், கைல அயர்ன் இருக்கு.' 'அஞ்சே நிமிஷம்மா, அசையாம இரு.' விளக்கு அணைந்தது. அசையாமல் இருந்தாள். சொன்னால் கேட்கிற பெண். காலடிப் பக்கமிருந்து ஏதோ ஊர்ந்து வந்தது, 'வயரப் பிடிச்சுக்கட்டுமா மேடம்?' என்று ஒரு மூச்சு, நிரஞ்சன், சங்கத்தின் செயலாளர், எல்லாரையும் மேடம் சார் என்று கூப்பிடுகிற, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது பேரை மேய்க்கிற நிரஞ்சன், 'வேணாங்க' என்றாள், தொடைமேல் கை. இடம் நெருக்கடி, இருட்டு, தெரியாமல் பட்டிருக்கும் என்று அவளே அவனுக்காக வாதாடினாள், இதுதான், இதை நினைக்கும்போதுதான் பல் நறநறக்கிறது, எதிர்க்கட்சிக்கும் சேர்த்துப் பேசிப் பழகிய புத்தி, காலை நகர்த்தினாள், கை கூடவே நகர்ந்தது, மேலே ஏறியது, ஒரு பலகைக் கனத்துக்கு அந்தப் பக்கம் அவள் நெற்றிக்கு நேர்மேலே வண்டி தடதடவென்று ஓடியது, ஆண்கள் ஆஹா என்றார்கள், அவள் கை அயர்னோடு திரும்பியது. சுரீர். அது முதலாவது. முதலாவதைப் பற்றி அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, எந்த மேடையில் ஏற்றினாலும் பேசுவாள், ஒலிபெருக்கி இல்லாமலே பேசுவாள். இரண்டாவதுதான். அவன் கையை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டான், அதுதான் விஷயம், ஸ்ஸ் என்று உதறி, பக்கத்திலிருந்த குறுக்குச் சட்டத்தின்மேல் குப்புற ஊன்றிக்கொண்டான், வயருக்காகப் பலகையில் போட்டிருந்த துளை வழியே ஸ்டேஷன் விளக்கின் வெளிச்சம் நூல் மாதிரி இறங்கி அந்தப் புறங்கைமேல் விழுந்தது. முடி. நரம்பு. கல் வைத்த மோதிரம். அது அவளைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. தொடுகிற உத்தேசம்கூட அந்த நேரத்தில் அதற்கு இருந்திருக்காது, வலித்துக்கொண்டிருந்த வெறும் கை. அவள் அதைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அயர்னின் முனையை அந்தப் புறங்கையின் நட்டநடுவில் வைத்து அழுத்தினாள், பற்றுப் பிடிக்க ஈயம் உருகி வழிகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம், டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரியே, முனைய வெச்சுட்டு அவசரப்படாதம்மா, சூடு உள்ள இறங்கணும். இறங்கியது. பிசின் புகையோடு இன்னொரு புகை. அவள் கை நடுங்கவில்லை. கை நடுங்கியிருந்தால் இந்த ஒரு வாரம் இவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

குரோம்பேட்டையில் ஒரு கூட்டம் ஏறியது, யாரோ ஒருத்தியின் கூடை அவள் முட்டியில் இடித்தது, 'தள்ளி உக்காரும்மா, சீட்டு என்ன உங்க மாமனார் வாங்கிக் குடுத்ததா' என்றது ஒரு குரல், தள்ளி உட்கார்ந்தாள், பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுவே அதிசயம். அன்றைக்கும் சொல்லவில்லை. சூடு பட்ட நிரஞ்சன் ஊளையிட்டான், மண்டை பலகையில் மோதியது, பலகை எகிறியது, பாலத்துமேல் போய்க்கொண்டிருந்த இன்ஜின் கவிழ்ந்து தரையில் விழுந்து அவள் காதோரம் சிதறியது, விளக்குப் போட்டார்கள், 'ஐயோ, எம் புள்ள!' என்று டாக்டர் அலறினார், நிரஞ்சனைப் பார்த்துத்தான் அலறுகிறார் என்று நினைத்தாள், இன்ஜினைப் பார்த்து. பித்தளைத் தகட்டில் அவரே வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்த டீசல் இன்ஜின். எல்லாரும் அதைச் சுற்றி முட்டி போட்டார்கள், சக்கரம் பொறுக்கினார்கள், ஒருத்தர் நிஜமாகவே கண்ணைத் துடைத்தார், பலகைக்கு அடியில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் என்ன செய்துகொண்டிருந்தார்கள், ஓடுகிற வண்டியை விட்டுவிட்டுச் செயலாளர் எதற்காக அங்கே புகுந்தார் என்று கேட்க ஒரு நாய் இல்லை. 'அயர்ன் தவறிப் பட்டுடுச்சு சார், மேடம் மேல தப்பில்ல' என்றான் அவன், கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மேடம் மேல தப்பில்ல! எவ்வளவு பெரிய மனசு! சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அன்று முழுக்கக் கும்பிடு கைகள், அழுகிற முகங்கள், ஒரு சகாப்தம் முடிந்தது என்று ஒருத்தர், ஆன்மா சாந்தியடையட்டும் என்று ஒருத்தர், இன்ஜினுக்கு, ஒரு பித்தளை இன்ஜினுக்கு. அவன் கட்டுப் போட்ட கையைப் படம் பிடித்துப் போட்டிருந்தான், மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாகச் சுற்றி, சின்னக் காயம்தான், கவலை வேண்டாம். மறுநாள் டாக்டர் போன் பண்ணினார், குரலில் துக்கம் இருந்தது, பெருந்தன்மையும் இருந்தது, ஞாயித்துக்கிழமை வாம்மா, எல்லாரும் இருப்பாங்க, கவனக்குறைவா இருந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, அன்னிக்கே மெம்பரா சேத்துடறோம், பொண்ணுங்க யாரும் நம்ம சங்கத்துல இல்ல, நீ வந்தா எங்களுக்குப் பெருமைதானே. ஒரு வார்த்தை. ஆனால் கட்டுக்குள்ளே இருப்பது ஒன்று இல்லையே. விரல்மேல் ஒன்று, புறங்கை நடுவில் ஒன்று. தவறிப் படுவது ஒரு தடவைதான் படும். இரண்டாவதைப் பற்றி அவன் வாயைத் திறந்தால், ஒரு பெண் எதற்கடா உன்னை இரண்டு தடவை சுட்டாள் என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறந்தால், எடுத்த கையை எதற்கம்மா சுட்டாய் என்று கேட்பார்கள். ஆக, இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று இருக்கிறது, அந்த இரண்டு பேரில் ஒருத்தி அவள், மற்றவன் அவன். காதலிக்கிறவர்கள் நடுவில்தான் இப்படி ஒன்று இருக்கும், யாருக்கும் சொல்லாமல் இரண்டு பேரும் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிற ஒன்று. ராத்திரியில் அவன் அந்தக் கட்டைத் தடவிப் பார்த்துக்கொள்கிறான், இங்கே ஹாஸ்டலில் இவள் முழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவன் தொட்டதைவிட இது மோசம். அந்தக் கையை வெட்டிப் போட்டிருந்தால்கூட இப்படி ஒட்டிக்கொண்டிருக்காது.

'பிரேக் போடலயாப்பா?' சின்ன வயசில் இவள் கேட்டது. அப்பா தணிகாசலம் ஜோலார்பேட்டையில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், சில நாள் வீட்டுக்கு வந்ததும் உள்ளே வரமாட்டார், வாசல் குழாயில் நின்று பூட்ஸைக் கழுவுவார், கழுவியதையே மறுபடியும் கழுவுவார், அம்மா வேதவல்லி ஒன்றும் கேட்காமல் வெந்நீர் விளாவி வைப்பாள், அன்று வண்டியில் அடிபட்டது யார் என்பது மறுநாள் ஊருக்குள் தெரியும், கடன்காரன், பரீட்சையில் தோற்ற பெண், குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தவன். 'போட்டேம்மா. போட்டப்புறமும் அது போய்க்கினேதான் இருக்கும். பின்னால அவ்ளோ சரக்கு தள்ளுதே. பிரேக்குதாம்மா என்னுது, வேகம் என்னுது இல்ல.' அதற்குத்தான், அந்த ஒரு பதிலுக்குத்தான் இத்தனை வருஷம் கழித்து மாம்பலம் மாடிப்படி ஏறினாள், குமிழைத் திருப்பினால் நிற்கிற ரயில் வேண்டும், சுரங்க வாயில் ஒரு பிளாஸ்டிக் மாடு நின்றால் அதன் மூக்கில் இடிக்காமல் நிற்கிற ரயில், ஷெர்லினிடம் இதைச் சொல்ல முடியுமா? ஆனால் அவள் நிற்கவில்லையே. முதலாவதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குப் பின்னால் எந்தச் சரக்கு தள்ளியது? தள்ளியது, யார் சொன்னார்கள் இல்லையென்று, ட்யூஷன் மாஸ்டரின் முழங்கால், டவுன் பஸ்ஸில் இடுப்பில் ஊன்றிய முழங்கை, கோப்பை கொடுத்துவிட்டுக் கையை விடாமல் குலுக்கிய நடுவர், ஒவ்வொரு பெட்டியாகக் கோத்துக்கோத்து எத்தனை வருஷமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், பிரேக் போட்டால் நிற்குமா? நல்ல வாதம். கைதட்டல் விழும். கைதட்டல் விழும் என்று தெரிந்ததனாலேயே அவள் அதை நம்பவில்லை. ட்யூஷன் மாஸ்டரின் முழங்காலுக்கு நிரஞ்சனின் புறங்கை எப்படி ஜவாப்தாரி? சரி, அப்படியானால் மன்னிப்புக் கேள், கேட்கிறாயா? மாட்டேன். அப்புறம்? பல்லாவரத்தில் வண்டி கிளம்பி உருளும்போது ஒரு ஆள் ஓடிவந்து தாவிப் பெண்கள் பெட்டியில் ஏறினான், நாற்பது வயசிருக்கும், தோளில் சாப்பாட்டுப் பை, ஏறின பிறகுதான் சுற்றிலும் பார்த்தான். 'யோவ், கண்ணு தெரியல? லேடீஸ்.' 'அவசரத்துல ஏறிட்டேன்மா, அடுத்த ஸ்டேஷன்ல மாறிக்கிறேன்.' 'எல்லாரும் அவசரத்துலதான் ஏறுறீங்க, ஏறிட்டு அவசரமாவா நிக்கிறீங்க, சாஞ்சுல்ல நிக்கிறீங்க.' பெட்டி சிரித்தது. நர்ஸ் உடுப்பிலிருந்த ஒருத்தி, பூனை மாதிரி மெலிந்தவள், அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள், திரிசூலம் வருகிறவரைக்கும் விடவில்லை, வண்டி நின்றதும் கையிலிருந்த டிபன் பையால் அவன் தோளில் ஒன்று வைத்தாள், அவன் பிளாட்பாரத்தில் குதித்து, 'அதான் எறங்கிட்டேன்ல!' என்று திரும்பினான், 'எறங்குனா?' என்று வாசலில் தொங்கியபடி இன்னொன்று, மூஞ்சியில், நல்ல சத்தம், அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், விரல் நடுவே சிவப்பு. பெட்டி ஆரவாரித்தது. கைதட்டியவர்களில் தானும் இருப்பதை மங்கையர்க்கரசி அப்புறம்தான் பார்த்தாள், இரண்டு உள்ளங்கையும் எரிந்தன. அந்த ஆள் உண்மையிலேயே அவசரத்தில் ஏறியிருக்கலாம். யார் கண்டது? அவன் வாங்கிய இரண்டாவது அடி யாருக்குச் சேர வேண்டியது? நர்ஸ் சீட்டில் வந்து உட்கார்ந்து டிபன் பையைத் திறந்து பார்த்து, 'சாம்பார் கொட்டிப்போச்சு, சனியன்' என்றாள், அப்புறம் சன்னமாக, யாரிடமும் இல்லாமல், 'ரெண்டாவது அடிச்சிருக்கக் கூடாதோ?' என்றாள். பக்கத்தில் இருந்தவள் பட்டாணி கொறித்துக்கொண்டே, 'மொதலாவது அவனுக்கு, ரெண்டாவது உனக்கு, விடு' என்றாள். அப்படியா? அப்படியென்றால் மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது? இவ்வளவு லேசாக ஒருத்தி பட்டாணியோடு சேர்த்து மென்றுவிட்டதை ஒரு வாரமாக மெல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறாளே, மெல்லாமல் விழுங்குவதற்குத்தான் பெரம்பூரா?

கிண்டியில் பிலோமினாக்கா போனில் கூப்பிட்டாள், பெரம்பூர் சங்கத்தைக் கட்டி மேய்க்கிறவள், ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இரண்டு மாதம் முன்னால் இரண்டு சங்கமும் சேர்ந்து நடத்திய கண்காட்சியில், 'இந்த வாய்க்கு எங்க சங்கம்தான் லாயக்கு' என்று அவள் தாடையைப் பிடித்துக் கிள்ளியவள். 'எங்கம்மா வர்ற?' 'கிண்டிக்கா.' 'நேரா இங்க வந்துடு. வவ்வா மீன் கொழம்பு வச்சிருக்கேன். அந்தப் பல் டாக்டரு போன் பண்ணாரு.' 'என்ன சொன்னாரு?' 'இன்னா சொல்வாரு, இன்ஜினு இன்ஜினுன்னு மூக்க உறிஞ்சினாரு. நான் ஒயரிங் செக்ஷன்ல இருந்தவடி, பெட்டிக்கு அடியில படுத்தே பாதி சர்வீஸ் போச்சு, அடியில இன்னா நடக்கும்னு எனக்கா தெரியாது? இங்க உன்ன ஒருத்தன் ஒரு கேள்வி கேக்க மாட்டான். நானும் கேக்கல. நீயும் சொல்ல வேணாம். வந்தமா, வண்டி உட்டமா, கொழம்பு ஊத்தித் தின்னமா.' எவ்வளவு நல்ல மனுஷி, அந்தக் குழம்பின் புளிப்பே போனில் வருவது போல் இருந்தது, போய்விடலாம், பார்க்கில் மாறினால் அடுத்த வண்டி, நான்கு பெட்டி, சின்ன வட்டம், யாரும் எதையும் கேட்காத ஞாயிற்றுக்கிழமைகள். பிறகு அந்தப் பாழாய்ப்போன வாய், வாதம் என்றால் ஒரு அடி முன்னால் போய் நிற்கிற வாய், கேட்டுவிட்டது: 'அப்ப நீங்க என்னக்கா பண்ணீங்க?' வண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறியது, இரும்புச் சத்தம் காதை அடைத்தது, கருந்தண்ணீர், நுரை, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். 'இன்னா பண்றது. செக்ஷன் மாத்திக்கினேன்.' 'அவன்?' 'அவன் அங்கியேதான் இருந்தான். நல்லபடியா ரிடையர் ஆனான். போன கிறிஸ்மஸுக்குப் பேரன் பேத்தியக் கூட்டிக்கினு மண்டபத்துக்கு வந்தான்டி, நம்ம வண்டிய நின்னு பாத்தான், ரொம்ப நல்லாருக்கு பிலோமினான்னான்.' 'நீங்க?' 'தேங்க்ஸுன்னேன்.' சைதாப்பேட்டையில் யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். தேங்க்ஸ். மங்கையர்க்கரசிக்கு அந்தக் கிழவனைத் தெரியாது, ஆனால் அவன் கை தெரிந்தது, பேரனின் தலைமேல் வைத்திருக்கிற கை, சுருக்கம் விழுந்து, சுத்தமாக, ஒரு வடுகூட இல்லாமல். அந்தக் கையை இங்கிருந்தே கடித்துத் துப்ப வேண்டும் போல் வெறி வந்தது, ஈறு வலித்தது, இதுதான் பெரம்பூர், குழம்பு நன்றாகத்தான் இருக்கும், பெரம்பூர் என்பது செக்ஷன் மாற்றிக்கொள்வது, அந்த மலையையும் சுரங்கத்தையும் முழு நீள எக்ஸ்பிரஸையும் நிரஞ்சனுக்கு எழுதி வைத்துவிட்டு நான்கு பெட்டியோடு ஒதுங்கிக்கொள்வது, அடுத்து ஒருத்தி வருவாள், பெண்கள் இல்லாத சங்கத்துக்குப் பெருமை சேர்க்க, 'கருவறை மாதிரிம்மா' என்பார் டாக்டர், அவளும் சிரித்துவிட்டுக் குனிவாள். ஆனால் மாம்பலத்தில் போய் என்ன சொல்வது? முதலாவதை மட்டும் சொன்னால் அவன் ஜெயித்துவிடுவான், தவறிப் பட்டதைப் பெண் பெரிதாக்குகிறாள் என்பார்கள். இரண்டாவதையும் சொன்னால் அவள் தோற்றுவிடுவாள், இரண்டு சங்கமும் போகும், ரௌடி என்று பேர் வரும், ஜோலார்பேட்டை வரைக்கும் வரும், அப்பா பூட்ஸைக் கழுவிக்கொண்டே கேட்பார், எடுத்த கையையாம்மா? ஆமாம்ப்பா. எடுத்த கையைத்தான். வண்டி வேகம் குறைந்தது, மாம்பலம் வந்தது, உட்கார்ந்தே இருந்தாள், பட்டாணிக்காரி இறங்கினாள், நர்ஸ் இறங்கினாள், 'அக்கா, அப்புறம் கூப்பிடறேன்' என்றாள் போனில், வண்டி நகர ஆரம்பித்த பிறகு எழுந்து குதித்தாள், கால் மடங்கி முட்டி தேய்ந்தது, ஒரு பெரியவர், 'அறிவிருக்கா உனக்கு? செத்திருப்ப' என்று கத்தினார். 'இருக்குங்க' என்றாள், 'அதான் பிரச்சினை.'

கொட்டகையில் எல்லாரும் நடுவில் இருந்தார்கள். கூட்டமே அங்கேதான், சுற்றிலும் மலை, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள், ஸ்டேஷன் பிளாட்பாரத்தின்மேல் வெள்ளைக் கைக்குட்டை விரித்து அதில் இன்ஜினைக் கிடத்தியிருந்தார்கள், ஊதுவத்தி ஒன்றுதான் பாக்கி. நிரஞ்சன் பாலத்துக்குப் பக்கத்தில், கட்டுப் போட்ட கையைப் பச்சைப் புல் தூவிய சரிவின்மேல் சாய்த்து வைத்திருந்தான், குழந்தையைக் கிடத்தின மாதிரி. பலகைக்கு வெளிப்பக்கம் டாக்டரின் மனைவி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள், எப்போதும் அங்கேதான் நிற்பாள், மலைக்கு மேலாகத் தம்ளர்களை நீட்டுவாள், ஒருநாளும் உள்ளே போனதில்லை. 'வாம்மா, உள்ள வா' என்றார் டாக்டர், பலகைக்கு அடியில் கையைக் காட்டி. குனியத்தான் போனாள், பழக்கதோஷம், முட்டி மடங்கிவிட்டது, தேய்ந்த இடம் எரிந்து நிமிர்த்தியது. 'இங்கேருந்தே பேசறேன் சார்.' 'அட, என்னம்மா, அந்நியம் மாதிரி.' 'மேடம் சங்கடப்படறாங்க சார்' என்றான் நிரஞ்சன் கனிவாக, 'விட்டுடுங்க, தவறிப் பட்டது, அவ்ளோதான், நானே சொல்லிட்டேனே.' அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, அதைவிடக் கேவலம், ஒப்பந்தம் இருந்தது, நீயும் நானும், நம் இரண்டு பேருக்கும் தெரியும், மூடி வைப்போம். நெஞ்சு அடித்துக்கொண்டது, பட்டிமன்றத்தில் மணியடிக்கக் காத்திருக்கும்போது அடிக்கிற மாதிரி இல்லை, நிஜ வண்டி வருகிறபோது தண்டவாளம் அதிர்கிற மாதிரி. 'மொதல் தடவை என் தொடைமேல கை வெச்சாரு, சுட்டேன்' என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை, வாதமும் இல்லை அதில். 'கைய எடுத்துட்டாரு. எடுத்து மரச் சட்டத்துமேல வெச்சாரு. அப்ப ரெண்டாவது தடவை சுட்டேன். அது தவறிப் படல. பாத்து, வெச்சு, அழுத்தினேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சார், சூடு உள்ள இறங்கறவரைக்கும்.' ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. 'பைத்தியமா இது?' என்றது ஒரு குரல். 'ஒரு தடவைதான் பட்டது' என்றான் நிரஞ்சன், 'ஒரே ஒரு தடவை. மேடம் ஏதோ டென்ஷன்ல…' 'அப்ப எண்ணிப் பாருங்க. ஒண்ணு இருந்தா நான் பொய்யி, மன்னிப்புக் கேக்கறேன், இந்தப் பலகைக்கு அடியில தவழ்ந்து வந்து கேக்கறேன். ரெண்டு இருந்தா, ரெண்டுக்கும் சேத்து என்ன தண்டனை உண்டோ அதக் குடுங்க. குடுத்துட்டு, என்னை மெம்பரா சேத்துக்குங்க. எனக்கு இந்தச் சங்கம்தான் வேணும்.' டாக்டர் இன்ஜினைப் பார்த்தார், நிரஞ்சனைப் பார்த்தார், மறுபடியும் இன்ஜினைப் பார்த்தார். காபித் தட்டைச் சுரங்கத்தின்மேல் வைத்துவிட்டு அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். 'ஒரு வாரம் ஆச்சே, கட்டு மாத்தவே இல்லையா தம்பி?' என்றாள், சாதாரணமாக, காபிக்குச் சர்க்கரை போதுமா என்கிற குரலில். 'இப்படிக் குடு, மலைக்கு மேலாலயே நீட்டு, நான் பிரிச்சு மாத்தி விடறேன். ஒரு நிமிஷ வேலை.' எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அது சரிவைவிட்டு மெதுவாக நகர்ந்தது, பாலத்தை உரசிக்கொண்டு, கொஞ்சம் புல்லைப் பெயர்த்துக்கொண்டு, பலகையின் விளிம்புக்கு வந்தது, விளிம்பைத் தாண்டிப் பலகைக்கு அடியில் போய் மறைந்துகொண்டது.